ரவுட்டரின் ஃபேர்ம்வெயரை மாற்றுவதற்கு முன்

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களின் பெட்டியில் சொக்லேட்டோடும் சென்ற் போத்தலோடும் சில நேரம் ஒரு ரவுட்டரும் வரும். "அங்க புதுசு பூட்டிட்டம், இது சும்மா கிடந்தது, நீங்கள் பாவியுங்கோ" என்று தந்துவிட்டுப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் கன வீடுகளில் இப்படி வந்த ரவுட்டர்கள் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கின்றன. செய்த கம்பனி அதற்கு அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்தியிருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற சிப்பும் அன்ரனாவும் இன்னும் திறமாகவே இருக்கும். அதற்குள் வேறு ஃபேர்ம்வெயர், அதாவது ரவுட்டரை இயக்குகிற மென்பொருள், போட்டுப் பாவிக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நீங்களும் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்திருப்பீர்கள். வீடியோவில் எல்லாம் சுகமாகத்தான் நடக்கும்.

எந்தப் பட்டனை அழுத்துவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். அழுத்தும்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்கினால், ஒரு ரவுட்டருக்குச் சரிவந்த வழி இன்னொன்றை ஏன் சாகடிக்கிறது என்பதும் தானாக விளங்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

ரவுட்டர் திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு சின்னக் கணினி. புரொசெசர் உண்டு, ரேம் உண்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஃபிளாஷ் என்ற சிப் உண்டு. பழைய மலிவு ரவுட்டர்களில் அந்த ஃபிளாஷ் வெறும் 4 எம்பி. கொஞ்சம் நல்லதென்றால் 8 அல்லது 16, இப்போது வருபவற்றில் 128 எம்பியும் அதற்கு மேலும். வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு வீடியோ அளவு இடத்துக்குள் ஒரு முழு இயங்குதளமே குடியிருக்கிறது.

அந்த ஃபிளாஷ் ஒரே வெளியாக இருக்காது. துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். முதல் துண்டில் பூட்லோடர். கரண்ட் கொடுத்தவுடன் முதலில் எழும்புவது இதுதான். ரேமைத் தயார்படுத்தி, அடுத்த துண்டில் இருக்கிற ஃபேர்ம்வெயரை எழுப்பிவிட்டு ஒதுங்கிவிடும். இரண்டாவது துண்டு ஃபேர்ம்வெயர், அதாவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையமான கேர்னலும் மற்ற மென்பொருட்களும் நாம் பிரவுசரில் பார்க்கிற செற்றிங் பக்கமும். மூன்றாவது துண்டில் நீங்கள் வைத்த வைஃபை பெயர், பாஸ்வேர்ட் போன்ற செற்றிங்குகள். இவற்றைவிட ஒரு மூலையில் சின்னதாக இன்னொரு துண்டும் இருக்கும். வலையமைப்பில் அந்தக் குறிப்பிட்ட பெட்டியை அடையாளம் காட்டுகிற மேக் முகவரியும், அதன் வைஃபை ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து வைத்த கணக்கும் அதற்குள் இருக்கும். இது ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி. அழிந்தால் இணையத்தில் இருந்து இறக்கிக்கொள்ள முடியாது. எந்த வழிகாட்டியாவது "முழு ஃபிளாஷையும் அழி" என்று சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஃபேர்ம்வெயர் மாற்றுவது என்றால் இரண்டாவது துண்டை அழித்து வேறொன்றை எழுதுவது, அவ்வளவுதான். பூட்லோடர் அப்படியே இருக்கும், இருக்கவும் வேண்டும். அது இருக்கும்வரை, மேலே எழுதியது பழுதாகிப் போனாலும் திரும்ப எழுத ஒரு வழி கிடைக்கும்.

நீலக் கறுப்புப் பெட்டியில் தொடங்கிய கதை

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் கம்பனி டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. முன்பக்கம் நீலம், உடம்பு கறுப்பு, பின்னால் இரண்டு அன்ரனா. படத்தைப் பார்த்தால் உங்களுக்கே ஞாபகம் வரும். 2003 இல் சிலர் அதன் ஃபேர்ம்வெயரைத் துருவிப் பார்த்தபோது உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று தெரியவந்தது. லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இருப்பது. அதை வைத்துப் பொருள் செய்து விற்றால் மூல நிரலையும் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நெருக்குதல் கூட, அதே வருடம் லிங்க்சிஸ் நிரலை வெளியிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு 2004 இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி, நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல ஃபேர்ம்வெயர். அடுத்த வருடம் ஜெர்மனியைச் சேர்ந்த செபஸ்டியன் கொட்ஷால் அதே வகையில் டிடி-டபிள்யூஆர்டியைத் தொடங்கினார். ஜொனதன் சராற்றே எழுதிய டொமேட்டோ அதற்குப் பிறகு வந்தது. அவர் விட்ட இடத்தில் இருந்து பலர் தொடர்ந்ததில், இன்றைக்கும் உயிரோடு இருக்கிற முக்கியமான கிளை ஃப்ரெஷ்டொமேட்டோ.

இந்தப் பழைய கதையில் இன்றைக்கும் உதவுகிற ஒரு துண்டு இருக்கிறது. 2005 இல் அதே டபிள்யூஆர்டி54ஜியின் 5 ஆவது பதிப்பு வந்தது. வெளியே அதே நீலக் கறுப்பு, அதே பெயர். உள்ளே ஃபிளாஷை 4 எம்பியில் இருந்து 2 ஆகவும், ரேமை 16 இல் இருந்து 8 ஆகவும் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு வேறு இயங்குதளம் வைத்துவிட்டார்கள். லினக்ஸ் கேட்டவர்களுக்கென்று டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றை விற்றார்கள். பெயர் ஒன்று, உள்ளே வேறு. இந்த வழக்கம் இன்னும் மாறவில்லை.

ஸ்டிக்கரை வாசியுங்கள்

ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள். இங்கே கடைகளிலும் வீடுகளிலும் நிறையக் கண்ட டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் ஐ எடுத்துக்கொள்வோம். மொடல் பெயருக்குப் பக்கத்தில் "வெர்" என்று போட்டு ஒரு எண் இருக்கும். 13 என்று இருந்தால் உள்ளே மீடியாடெக் சிப், 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். 14 என்று இருந்தால் அதே குடும்பத்துச் சிப்தான், ஆனால் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம். புதியது பழையதைவிட மெலிந்துபோயிருக்கிறது! 12 என்றால் சிப்பே வேறு, குவால்கொம் ஏதெரோஸ், அளவு 4, 32.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள ரவுட்டர்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ஆதரவை நிறுத்திவிட்டது. 19.07 பதிப்புத்தான் கடைசி, அதற்கும் 2022 உடன் அப்டேட் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளுக்குக் குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் வேண்டும். அதுவும் மூச்சு முட்டுகிற அளவுதான். மேலே ஏதாவது சேர்த்துப் போட ஆசை இருந்தால் 16, 128 இல்லாமல் இறங்காதீர்கள். 4, 32 பெட்டி உங்களிடம் இருந்தால் அதோடு மினக்கெடாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். "எப்படியோ போட்டுவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். போடலாம்தான், ஆனால் பழைய பாதுகாப்பு ஓட்டைகளோடு ஓடுகிற ஒன்றை எடுத்துவிட்டு, இன்னொரு பழைய ஓட்டைகளோடு ஓடுகிற ஒன்றைப் போட்டதாகத்தான் முடியும்.

ஸ்டிக்கரில் இன்னும் ஒன்று, சில நேரம் நாட்டுக் குறியும் இருக்கும். ஐரோப்பாவுக்கென்று செய்ததும் அமெரிக்காவுக்கென்று செய்ததும் வேறு வேறு ஃபைலைக் கேட்கக்கூடும். ரொறன்ரோவில் வாங்கியதற்கும் பாரிஸில் வாங்கியதற்கும் இப்படி வித்தியாசம் வரும். கனடாவில் இருந்து வந்தது என்றால் அதன் அடப்டரையும் கவிழ்த்துப் பாருங்கள். "100-240" என்று இருந்தால் பயமில்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். "120" என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் செருகியவுடன் மணம் வரும்.

மூன்றில் எது

எது சிறந்தது என்று ஆளாளுக்குச் சண்டை பிடிப்பார்கள். உண்மையில் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிவே இராது, சிப்தான் தீர்மானிக்கும்.

சிப் மீடியாடெக் அல்லது குவால்கொம் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி. இவற்றின் வைஃபைக்கு நல்ல திறந்த மூல டிரைவர், அதாவது வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள், இருக்கிறது. பதிப்புகள் ஒழுங்காக வருகின்றன. ஒவ்வொரு மொடலுக்கும் தனிப் பக்கம் வைத்து, எந்த ஃபைல், எப்படிப் போடுவது, எப்படித் திரும்புவது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 2016 இல் அவர்களுக்குள்ளேயே பிரிவு வந்து ஒரு பகுதியினர் லீட் என்ற பெயரில் தனியாகப் போனார்கள், 2018 இல் மறுபடி ஒன்றானார்கள். பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம். செற்றிங் பக்கம் முதலில் கொஞ்சம் வறண்டதாகத் தெரியும், பழகிவிடும்.

சிப் புரோட்கொம் என்றால் நிலைமை வேறு. அந்தக் கம்பனி வைஃபை டிரைவரின் நிரலைத் திறந்து கொடுப்பதில்லை. அதனால் நெட்கியர் ஆர்7000, ஏசஸ் ஆர்டி-ஏசி68யூ போன்ற, ஒரு காலத்தில் விலைகூடின ரவுட்டர்களில்கூட ஓப்பன்டபிள்யூஆர்டியின் வைஃபை நொண்டும். இங்கேதான் ஃப்ரெஷ்டொமேட்டோ. புரோட்கொம்முக்கு மட்டுமே வருகிறது, கம்பனியின் மூடிய டிரைவரையே உள்ளே வைத்துக்கொள்கிறது. "முழுக்கத் திறந்த மூலம்" என்று சத்தியம் பண்ண முடியாதுதான், ஆனால் வேலை செய்யும். யார் எவ்வளவு டேட்டா இழுத்தார்கள் என்று ஒவ்வொரு போனாகக் காட்டுகிற வரைபடம் இதில் வடிவாக இருக்கும். பக்கேஜ் மாதம் முடியமுதல் முடிந்துவிடுகிற வீடுகளில் இது ஒன்றே போதும், கள்ளன் பிடிபட்டுவிடுவான். ஏசஸ் என்றால் மெர்லின் என்று இன்னொன்றும் உண்டு. கம்பனியின் சொந்த ஃபேர்ம்வெயரையே திருத்தி மெருகேற்றியது. தொடக்கக்காரருக்கு ஆபத்துக் குறைவு.

டிடி-டபிள்யூஆர்டி இரண்டு பக்கமும் நிற்கும். புரோட்கொம்மிலும் ஓடும், மற்றவற்றிலும் ஓடும், அதிக மொடல்களுக்குக் கிடைக்கும். ஆனால் நிலையான பதிப்பு என்று ஒன்று வைப்பதில்லை, வரிசை எண் போட்ட பீட்டா (சோதனை நிலை) ஃபைல்கள் வந்துகொண்டே இருக்கும். அவர்களின் ரவுட்டர் தேடல் பட்டியல் சில மொடல்களுக்கு வருடக்கணக்கில் பழைய ஃபைலைக் காட்டும். புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு நான் இதை முதலில் சொல்வதில்லை. மற்ற இரண்டும் சரிவராதபோதுதான்.

ஃபைபர் இணைப்பு எடுத்தபோது கம்பனி சுவரில் பூட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியிலும், சிம் போடுகிற 4ஜி ரவுட்டரிலும் கை வைக்காதீர்கள். எஸ்எல்ரி-மொபிற்றல், டயலொக், ஹட்ச் எதுவாக இருந்தாலும் அதே கதைதான். ஃபைபர் பெட்டிக்குள் அவர்களின் வலையமைப்போடு பேசுவதற்கான அடையாளம் இருக்கிறது. 4ஜி பெட்டியில் மோடத்துக்கென்றே தனி ஃபேர்ம்வெயர் இருக்கிறது. அவை அப்படியே இருக்கட்டும். அவற்றின் பின்னால் ஒரு கேபிளில் உங்கள் சொந்த ரவுட்டரைக் கொழுவி அதில் விளையாடுங்கள்.

ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு

கம்பனி ஃபேர்ம்வெயரில் இருந்து திறந்த மூலத்துக்கு முதல் தடவை போவதைவிட, ஒரு திறந்த மூலத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் கூடுதலானோர் வழுக்குகிறார்கள். "இதுவும் லினக்ஸ், அதுவும் லினக்ஸ், மேலே எழுதினால் சரி" என்று நினைப்பதால் வருவது.

முதலில் ஃபைல் விசயம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் இறக்கும் பக்கத்தில் ஒரே மொடலுக்கு இரண்டு ஃபைல் இருக்கும். ஒன்று ஃபேக்டரி, மற்றது சிஸ்அப்கிரேட். ஃபேக்டரி ஃபைலின் தலையில் கம்பனி ஃபேர்ம்வெயர் எதிர்பார்க்கிற தலைப்புத் தகவல்களை வைத்திருப்பார்கள், கம்பனியின் அப்டேட் பக்கம் அதைத் தன் பிள்ளை என்று நம்பி ஏற்றுக்கொள்வதற்காக. சிஸ்அப்கிரேட் ஃபைல் ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுகிற பெட்டிக்கு. டிடி-டபிள்யூஆர்டி ஓடுகிற பெட்டி இந்த இரண்டு கணக்கிலும் சேராது. அதன் அப்டேட் பக்கம் எதை எதிர்பார்க்கிறது, ஃபிளாஷை எப்படித் துண்டு பிரித்திருக்கிறது என்பது மொடலைப் பொறுத்தது. சிலவற்றில் நேராகப் போகலாம். பலவற்றில் முதலில் கம்பனி ஃபேர்ம்வெயருக்குத் திரும்பி, அங்கிருந்து ஃபேக்டரி ஃபைலைப் போடுவதுதான் சுற்றானாலும் பத்திரமான வழி. அப்படித் திரும்புவதற்கும் சில மொடல்களில் கம்பனியின் தளத்தில் கிடைக்கிற ஃபைலை அப்படியே போடக்கூடாது. அதில் பூட்லோடரும் சேர்ந்திருந்தால் அதை வெட்டி நீக்கிய பதிப்பைத்தான் போட வேண்டும். மொடலின் பக்கத்தில் இதைத் தெளிவாக எழுதியிருப்பார்கள். எழுதியிருக்காவிட்டால் அந்த மொடலில் தாவாமல் விடுவதே புத்தி.

அடுத்தது செற்றிங். டிடி-டபிள்யூஆர்டியில் எடுத்த பக்கப்பை, அதாவது செற்றிங்குகளின் பிரதியை, ஓப்பன்டபிள்யூஆர்டியில் போட முடியாது, டொமேட்டோவிலும் முடியாது. ஒவ்வொன்றும் தன் செற்றிங்கைத் தன் பாணியில்தான் எழுதி வைக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி சின்னச் சின்ன எழுத்து ஃபைல்களாக வைத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் என்விரேம் என்ற ஒரு துண்டுக்குள் பெயர், பெறுமதி, பெயர், பெறுமதி என்று வரிசையாக அடுக்கி வைக்கும். ஆர்7000 போன்ற ஒன்றில் டிடி-டபிள்யூஆர்டியை எடுத்து ஃப்ரெஷ்டொமேட்டோவைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபேர்ம்வெயர் துண்டு மாறிவிட்டது, என்விரேம் மாறவில்லை. வாடகைக்கு இருந்தவர் எழும்பிப் போய்விட்டார், ஆனால் அவரின் சாமான்கள் அறைக்குள் கிடக்கின்றன, புதிதாக வந்தவரும் அவற்றைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் பாவிக்கத் தொடங்குகிறார். வைஃபை வரும், பிறகு போகும். பாஸ்வேர்ட் சரியாக அடித்தாலும் உள்ளே விடாது. ஒரு போர்ட் வேலை செய்யும், பக்கத்துப் போர்ட் செய்யாது. ஆட்கள் ஃபேர்ம்வெயரைத் திட்டுவார்கள்.

இதற்குத்தான் ஃப்ரெஷ்டொமேட்டோவின் நிர்வாகப் பகுதியில், கன்ஃபிகரேஷன் பக்கத்தில், என்விரேமில் உள்ள எல்லாவற்றையும் முழுமையாக அழிக்கும் தெரிவு இருக்கிறது. தாவியவுடன் வேறு எதையும் தொடமுதல் அதைச் செய்துவிடுங்கள். பழைய பக்கப்பையும் திரும்பப் போடாதீர்கள், செற்றிங்குகளைக் கையால் புதிதாக எழுதுங்கள். வீட்டு ரவுட்டரில் இருக்கப்போவது என்ன, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இன்னும் நாலைந்து விசயமும்தானே. தாவமுதல் ஒவ்வொரு செற்றிங் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்தால் போதும்.

பழைய வழிகாட்டிகளில் என்விரேமை அழிப்பதற்கு 30-30-30 என்று ஒரு மந்திரம் வரும். ரீசெற் பட்டனை அழுத்தியபடி 30 செக்கன், அழுத்தியபடியே கரண்டை எடுத்து 30, திரும்பக் கொடுத்து இன்னும் 30. பழைய மிப்ஸ் வகைச் சிப் ரவுட்டர்களுக்கு அது சரி. ஏஆர்எம் வகைச் சிப் உள்ள புதியவற்றில் செய்யவேண்டாம் என்று டிடி-டபிள்யூஆர்டிக்காரரே சொல்கிறார்கள்.

கரண்ட், கேபிள், பொறுமை

எழுதுகிற அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் கரண்ட் போனால் ஃபேர்ம்வெயர் துண்டு அரைகுறையாக நிற்கும். கார்த்திகை, மார்கழி மழையில் இடி முழங்கும்போது இந்த வேலையை எடுக்காதீர்கள். 2022 இல் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டியபோது வாங்கிய ரவுட்டர் மினி யுபிஎஸ் வீட்டில் கிடந்தால் இப்போது அது உதவும். ரவுட்டருக்கு 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று ஸ்டிக்கரில் பார்த்துச் சரியான துளையில் செருகுங்கள். வேலைக்கு லப்டொப்தான் நல்லது, அதற்குச் சொந்த பற்றரி இருக்கிறது.

வைஃபையில் இருந்தபடி செய்யக்கூடாது, கேபிள் வேண்டும். எழுதும்போது வைஃபை நிற்கும். எழுதி முடிந்து ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்பும்போதும் வைஃபை பெரும்பாலும் நிறுத்தியே இருக்கும், நீங்கள்தான் உள்ளே போய் இயக்க வேண்டும். பாஸ்வேர்ட் இல்லாமல் வைஃபையைத் திறந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி. இது தெரியாமல் "ரவுட்டர் செத்துப்போச்சு" என்று கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடைக்குக் கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. டிடி-டபிள்யூஆர்டி இதற்கு நேர்மாறு, பாஸ்வேர்ட் இல்லாத வைஃபையோடு எழும்பும், உடனே பூட்டிவிட வேண்டும்.

இறக்கிய ஃபைல் முழுதாக வந்ததா என்று இறக்கும் பக்கத்தில் தந்திருக்கிற எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்லோட் கொடுத்த பிறகு பெட்டியில் ஒரு விளக்கு ஒரே சீராக மினுங்கிக்கொண்டிருக்கும். பிரவுசர் "பக்கம் கிடைக்கவில்லை" என்று சொல்லும். விளக்கு மினுங்குவது நின்று, எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து, திரும்ப ஒவ்வொன்றாக எரியும்வரை கரண்டில் கை வைக்காதீர்கள். தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வாருங்கள்.

எழும்பிய பிறகு இணையம் வரவில்லையே

இது கன பேருக்கு வரும், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, ஃப்ரெஷ்டொமேட்டோ மூன்றுமே தொடக்கத்தில் 192.168.1.1 என்ற முகவரியில்தான் இருக்கும். சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியும் அதே முகவரியில் இருந்தால் இரண்டுக்கும் முட்டும். உங்கள் ரவுட்டருக்கு உள்பக்கமும் 192.168.1, வெளிப்பக்கமும் 192.168.1. எந்தப் பக்கம் அனுப்புவதென்று அதற்குத் தெரியாது. ஃபைபர் கேபிளைக் கழற்றிவிட்டு, லப்டொப்பை மட்டும் கொழுவி, உங்கள் ரவுட்டரின் உள்முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிட்டுத் திரும்பக் கொழுவினால் சரி.

உள்ளே போனதும் முதல் வேலை பாஸ்வேர்ட் வைப்பது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் பயனர் பெயர் ரூட், தொடக்கத்தில் பாஸ்வேர்டே கிடையாது. பிறகு வைஃபையில் நாட்டை இலங்கை என்று தெரிவு செய்யுங்கள். எந்தச் சனல், எவ்வளவு சக்தி என்பது அதைப் பொறுத்தது. வேறு நாட்டைப் போட்டால் தூரம் கூடும் என்று சொல்லித் திரிகிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அது சட்டத்துக்கும் புறம்பு, போனின் சிக்னல் ரவுட்டருக்குத் திரும்பி வர வேண்டுமே, அதன் சக்தி கூடவா போகிறது?

பழைய நாற்சார் வீடுகளில் சுவர் ஒன்றரை அடி. முன் விறாந்தையில் இருக்கிற வைஃபை குசினிக்குப் போகாது. அந்த வீடுகளுக்கு மாற்றிய ரவுட்டரின் மிகத் திறமான பயன் இணைய வாசலில் இல்லை, பின்பக்கத்தில்தான். டிஎச்சிபியை (போன்களுக்கு முகவரி பகிர்ந்து கொடுக்கிற வேலையை) நிறுத்தி, ஃபைபர் பெட்டியில் முட்டாத ஒரு முகவரி கொடுத்து, லான் (உள்வலையமைப்பு) போர்ட்டில் இருந்து லான் போர்ட்டுக்குக் கேபிள் இழுத்துவிட்டால் அது வெறும் வைஃபை பரப்பியாக நிற்கும். எல்லாப் போனும் ஒரே வலையமைப்பில் இருக்கும்.

"மாத்தினா ஸ்பீட் கூடுமோ தம்பி?"

அயலில் யாருக்காவது செய்து கொடுத்தால் முதலில் வருகிற கேள்வி இது. கூடாது ஐயா. பக்கேஜில் என்ன ஸ்பீடோ அதுதான். ஆனால் வேறொன்று மாறும்.

மகன் போனில் இருந்து திருவிழாப் படங்கள் எல்லாம் கூகிளுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, அம்மா லண்டனோடு வாட்ஸ்அப்பில் கதைத்தால் குரல் வெட்டி வெட்டி வரும். வரிசையில் பெரிய படங்களின் துண்டுகள் நூற்றுக்கணக்கில் காத்து நிற்க, குரலின் சின்னத் துண்டும் அவற்றின் பின்னால் நிற்க வேண்டியிருப்பதால் அந்த வெட்டு. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற மேலதிக மென்பொருள் பொதியைப் போட்டு, கேக் என்ற முறையைத் தெரிவு செய்தால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறை வைத்து விடும். குரல் உடனே போய்விடும். இதற்கு உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 90 வீதத்தை எழுத வேண்டும். வரிசை கம்பனிப் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரிலேயே சேர வேண்டும் என்பதற்காக அந்தக் குறைப்பு. அதாவது ஸ்பீட் ரெஸ்ற்றில் எண் கொஞ்சம் குறையும், கதைப்பது தெளியும். ஃபைபரில் இது அழகாக வேலை செய்யும். 4ஜியில் வேகம் மணிக்கு மணி மாறுவதால் ஒரே எண் சரிவராது. சின்னப் புரொசெசர் உள்ள 841 போன்றவற்றை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வைத்து இதைக் கேட்டால் அவை தாங்காது.

எழும்பவே இல்லை என்றால்

பதறாதீர்கள், பூட்லோடர் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு கம்பனியும் அதற்குள் ஒரு அவசர வாசல் வைத்திருக்கிறது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 போன்றவற்றில் ரீசெற் பட்டனை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால், பூட்லோடர் 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு கணினி இருக்கிறதா என்று பார்த்து, அதில் குறித்த பெயரில் ஒரு ஃபைலைக் கேட்கும். உங்கள் லப்டொப்புக்கு அந்த முகவரியைக் கொடுத்து, டிஎஃப்டிபி சேர்வர் (கேட்டால் ஃபைல் கொடுக்கிற சின்ன மென்பொருள்) ஒன்றை ஓடவிட்டு, ஃபைலை அந்தப் பெயரில் வைத்திருந்தால் அது தானே எடுத்து எழுதிக்கொள்ளும். ஏசஸில் மீட்புக்கென்றே கம்பனி ஒரு மென்பொருள் தருகிறது. ஜெர்மனி, சுவிஸ் பக்கம் இருந்து வருகிற ஃபிரிட்ஸ்பொக்ஸ் 4040 இல் கரண்ட் கொடுத்த முதல் சில செக்கன்களுக்கு மட்டும் 192.168.178.1 இல் வாசல் திறந்திருக்கும், அதற்குள் பிடித்துவிட வேண்டும்.

ஃபேர்ம்வெயர் சரி, செற்றிங்கைக் குழப்பி வெளியே நிற்கிறீர்கள் என்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்பும்போது விளக்கு மினுங்குகிற வேகம் மாறும். அந்த நேரத்தில் பட்டனை அழுத்தினால் ஃபெயில்சேஃப் நிலைக்குப் போகும். அங்கே உங்கள் செற்றிங் ஒன்றையும் வாசிக்காமல் எழும்பும், குழப்பியதை அழித்துவிட்டு வரலாம்.

பூட்லோடரும் போய்விட்டால் பெட்டியைத் திறக்க வேண்டும். பலகையில் வரிசையாக நாலு புள்ளி இருக்கும், அதில் 3.3 வோல்ட் சீரியல் அடப்டர் கொழுவி... அது இன்னொரு கட்டுரைக்கான வேலை. முதல் பழுதிலேயே அங்கே போகாதீர்கள்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால், பிறகு வருகிற புதிய பதிப்புகளுக்குச் சிஸ்அப்கிரேட் ஃபைல் போதும். செற்றிங் அப்படியே இருக்கும், ஆனால் நீங்கள் பிறகு சேர்த்த எஸ்கியூஎம் போன்ற பொதிகள் போய்விடும். அவற்றின் பெயர்களை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். 19.07 இல் இருந்து 21.02 க்கு ஏறியபோது நடந்தது போல சில மொடல்களில் கேபிள் போர்ட்டுகளை இணைக்கிற உள் சுவிட்சைக் கையாளும் முறையே மாறும். அப்போது பழைய செற்றிங் புதியதில் ஒத்துவராது. அந்த அறிவிப்பைக் கண்டால் "செற்றிங்கை வைத்திரு" என்ற டிக்கை எடுத்துவிட்டுப் போடுங்கள்.